வீட்டில் கட்டும் சி.என்.சி. ரவுட்டருக்கு உறுதியான சட்டகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம், அக்ரிலிக், அவ்வப்போது அலுமினியத் தகடு ஆகியவற்றை வெட்டுவதற்காகத் தாமே ஒரு சி.என்.சி. ரவுட்டரை, அதாவது கணினியின் கட்டளைப்படி நகர்ந்து வெட்டும் இயந்திரத்தை, கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டார், டிரைவர், கன்ட்ரோலர் ஆகியவற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அவற்றைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சட்டகத்தை மாற்றுவது என்றால் இயந்திரத்தையே மறுபடி கட்டுவதாகும். ஆகவே இந்தப் பக்கம் சட்டகத்தை மட்டுமே பேசுகிறது. கீழே வரும் கணக்குகளில், வேறு எண் சொல்லப்படாத இடங்களில், வெட்டும் விசை 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ, என்று கொண்டிருக்கிறேன்.

சட்டகம் எவ்வளவு உறுதியாக இருந்தால் போதும்? அதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா?

சொல்ல முடியும். பிட்டை, அதாவது வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரே ஸ்பிண்டில். 800 வாட் ஸ்பிண்டில் ஒன்று நிமிடத்துக்கு 24,000 சுற்றில் முழுத் திறனையும் கொடுக்கும்போது அதன் முறுக்குவிசை சுமார் 0.32 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ. பிட்டின் விளிம்பில் அது நூறு நியூட்டனுக்குச் சற்று மேற்பட்ட விசையாகிறது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் என்றால் அதே பிட்டில் 290 நியூட்டன் வரை வரக்கூடும். சாதாரண மரவேலையில் இவ்வளவு விசை எழுவது அரிது என்றாலும், வடிவமைப்புக்கு 100 நியூட்டன் என்பது நியாயமான அடிப்படை.

அலுமினியத்தில் பிட்டின் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவலின் தடிமன் பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும். சட்டகம் அதைவிட அதிகமாக வளைந்து கொடுத்தால் பல் வெட்டாமல் உரசிப் போகும், அடுத்த பல்லின் மேல் இரட்டிப்புச் சுமை விழும், அதுவே அதிர்வாக வளர்ந்து வெட்டிய சுவரில் வரிவரியான தழும்பாகப் பதியும். எனவே அலுமினியம் வெட்ட விரும்புகிறவர், பிட்டின் நுனியில் 10 கிலோ விசை விழுந்தால் 0.05 மி.மீ.க்கு மேல் நகராத இயந்திரத்தை இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மரமும் அக்ரிலிக்கும் மட்டும்தான் என்றால் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த 0.05 மி.மீ. முழுவதும், மேசைக்கு மேலே குறுக்காக நின்று ஸ்பிண்டிலைச் சுமக்கும் கேன்ட்ரிக்கு மட்டும் உரிய பங்கு அல்ல. விசையானது பிட்டிலிருந்து ஸ்பிண்டில், அதன் பிடி, அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் தகடு, ரெயில்களின் மேல் ஓடும் பிளாக்குகள், கேன்ட்ரி, அதை இரு முனைகளிலும் தாங்கும் பக்கத் தகடுகள், அடிச்சட்டகம், மேசை என்று சுற்றி வந்து வெட்டப்படும் பலகையில் முடிகிறது. இந்தச் சுற்றில் உள்ள ஒவ்வொன்றின் வளைவும் மற்றதோடு கூடிக்கொண்டே போகும். ஒன்பது இடங்களில் இரும்பைக் கொட்டிவிட்டு பத்தாவது இடத்தில் ஒரு மெல்லிய தகட்டை வைத்தால், இயந்திரத்தின் விறைப்பை அந்தத் தகடுதான் தீர்மானிக்கும். பிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மி.மீ. கார்பைடு தண்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டிலிருந்து 40 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மட்டுமே சுமார் 0.056 மி.மீ. வளையும், 25 மி.மீ. நீட்டினால் 0.014 மி.மீ. தான். சட்டகம் செய்யக்கூடிய எந்தச் சீர்திருத்தமும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

எட்டுக்கு நாலு அடிப் பலகையை முழுதாக வைத்து வெட்டும்படி கட்டலாமா?

முதல் இயந்திரமாக அதைக் கட்டவேண்டாம் என்றே சொல்வேன். ஒரு சட்டத்தின் நடுவில் விசை விழும்போது ஏற்படும் வளைவு அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 600 மி.மீ. கேன்ட்ரியை 1,200 மி.மீ. ஆக்கினால், அதே குழாயில் வளைவு எட்டு மடங்காகும். 2,440 × 1,220 மி.மீ. பலகையைத் தாங்கும் இயந்திரங்கள் தமிழ்நாட்டில் கதவு வேலைப்பாடு செய்யும் பட்டறைகளில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் சட்டகங்கள் கனத்த குழாய்களைப் பற்றவைத்து, பெரிய இயந்திரத்தில் ஒரே முறையில் சீவி எடுக்கப்பட்டவை. வீட்டுப் பட்டறையில் அந்த வசதி இருக்காது.

வேலையின் உண்மையான அளவைக் கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகை, சிறு அலமாரிப் பாகங்கள், மின்பெட்டித் தகடுகள் ஆகியவை பெரும்பாலும் 600 × 900 மி.மீ. பரப்புக்குள் அடங்கும். நீளமான வேலையைப் பலகையை நகர்த்தி நகர்த்தி இரண்டு மூன்று தவணையாக வெட்டவும் வழியுண்டு. உயரத்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும்: இசட் அச்சுக்கு 200 மி.மீ. இடைவெளி விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் 18 மி.மீ. பிளைவுட் வெட்டுகிறவர்கள் அந்த உயரத்துக்கான விலையை ஒவ்வொரு வெட்டிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேன்ட்ரி நகர வேண்டுமா, மேசை நகர வேண்டுமா?

அலுமினியம்தான் முக்கியம், வேலைப்பரப்பு 400 × 600 மி.மீ.க்குள் போதும் என்றால் கேன்ட்ரியை அடிச்சட்டகத்தோடு அசையாமல் பிணைத்துவிட்டு மேசையை நகரவிடுவதே சிறந்தது. கேன்ட்ரியின் எடையை எந்த மோட்டாரும் இழுக்கவேண்டியதில்லை. ஆகவே எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் கட்டலாம். மேசை முன்னும் பின்னும் போகவேண்டியிருப்பதால் இயந்திரத்தின் நீளம் மேசையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பதே இதன் குறை.

பலகை வேலைக்கு நகரும் கேன்ட்ரி தவிர்க்க முடியாதது. அதில் நான் பரிந்துரைப்பது, பக்கச் சுவர்களை உயர்த்தி, ரெயில்களைச் சுவரின் மேல் விளிம்பில் பதித்து, கேன்ட்ரியைக் கால்களே இல்லாமல் நேரடியாக அந்த ரெயில்கள் மேல் உட்கார வைக்கும் அமைப்பு. அசையும் பாகத்தில் இருந்த உயரமான கால்கள் அசையாத பாகமாக மாறிவிடுகின்றன. அசையாத பாகத்தில் எடையைப் பற்றிக் கவலையில்லை. பலகையைப் பக்கவாட்டில் நுழைக்க முடியாது என்ற சிறு தொல்லையைத் தவிர இதில் பெரிய குறை எதையும் நான் காணவில்லை.

600 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள நகரும் கேன்ட்ரியை நடுவில் மோட்டார் சுழற்றும் ஒற்றைத் திருகு வைத்து இழுக்கக் கூடாது. ஸ்பிண்டில் ஓரத்தில் வெட்டும்போது கேன்ட்ரி கோணலாகச் சாயப் பார்க்கும். இரு பக்கமும் திருகு வைத்தால்தான் மூலைமட்டம் நிலைக்கும்.

இரும்பா, அலுமினியமா, மரப்பலகையா?

விறைப்புக் குணகம் இரும்புக்கு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு 3 முதல் 4. ஒரே வடிவ அளவில் இரும்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பானது. எடையும் அதேபோல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதாவது ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் விறைப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அசையாத அடிச்சட்டகத்தில் எடை நன்மையே என்பதால் அங்கே இரும்பு, அதாவது கடையில் எம்.எஸ். என்று கேட்டால் தரும் மென்னிரும்பு. அசையும் கேன்ட்ரியில், அதே எடைக்குப் பெரிய குறுக்குவெட்டு கிடைப்பதால் அலுமினியத்துக்கும் இடமுண்டு. இருப்பினும் விலையைப் பார்த்தால், ஒரு மீட்டர் வரையிலான கேன்ட்ரிக்கும் இரும்புக் குழாயே போதுமானது.

அலுமினியப் புரொஃபைல் எனப்படும் பள்ளம் வைத்த சட்டங்கள் பற்றவைப்பு தெரியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அவற்றோடு விற்கப்படும் சிறு மூலைப் பிடிகளை நம்பக் கூடாது. சட்டம் விறைப்பாக இருந்தும் மூலை தளர்ந்துவிடும். முனையில் மரை வெட்டி நேரடியாகப் போல்ட் இட்டு, வெளியில் 10 அல்லது 12 மி.மீ. தகட்டை முட்டுக்கொடுங்கள். எம்.டி.எஃப். சட்டகம் மரவேலை கற்றுக்கொள்ளப் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும் பொருளில் 0.05 மி.மீ. பற்றிப் பேசுவதற்கில்லை.

கேன்ட்ரிக்கு எந்த அளவு குழாய் எடுப்பது?

ஒரு மீட்டர் நீளம், இரு முனைகளிலும் தாங்கப்பட்ட குழாய், நடுவில் 100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 50 × 50 மி.மீ., 3 மி.மீ. சுவருள்ள இரும்புச் சதுரக் குழாய் சுமார் 0.05 மி.மீ. வளையும். முதல் பதிலில் இயந்திரம் முழுவதற்கும் ஒதுக்கிய அளவு அது. ஒரே உறுப்பு அதைத் தின்றுவிடுகிறது. 100 × 100 மி.மீ., 6 மி.மீ. சுவர் என்றால் வளைவு 0.003 மி.மீ. தான். எல்லா அளவும் இரண்டு மடங்கானபோது விறைப்பு பதினாறு மடங்காகிவிட்டது. எடையோ நான்கு மடங்கு, மீட்டருக்கு 17 கிலோ அளவில்தான்.

குழாய் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்த 100 மி.மீ. குழாயில் உள்ள அதே இரும்பை உருக்கிக் கெட்டியான சதுரக் கம்பியாக்கினால் அதன் பக்கம் 47.5 மி.மீ. ஆகும், விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எடை அதே 17 கிலோ. பட்டறைகளில் "கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரும்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அந்த வாக்கியம் முழுமையாகாது. நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு பயன்.

இந்தியாவில் ஐ.எஸ். 4923 தரத்தின் கீழ் வரும் குழாய்களில் சதுர அளவுகளோடு 96 × 48, 122 × 61, 145 × 82 மி.மீ. செவ்வக அளவுகளும் கடைகளில் கிடைக்கின்றன. நகரும் கேன்ட்ரிக்கு 145 × 82 மி.மீ. குழாயை, உயரமான பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் ரெயில்களுக்கு இடையே நல்ல தூரம் கிடைக்கிறது என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்த அளவு. ஜன்னல் கிரில்களுக்குப் பயன்படும் 1.6 அல்லது 2 மி.மீ. குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். ஒட்டுமொத்த வளைவுக் கணக்கில் அது தேறினாலும், போல்ட் இறுகும் இடத்தில் சுவர் உள்ளே குழியும்.

சி சேனல் அல்லது ஆங்கிள் போதாதா? அதுவும் நல்ல தடிமன்தானே?

வளைவுக்கு எதிராகச் சி சேனல் நன்றாகவே நிற்கும். முறுக்கத்துக்கு எதிராக அது நிற்காது. ரவுட்டரின் கேன்ட்ரிக்கு முக்கியமான சுமை முறுக்கம்தான், ஏனென்றால் பிட் கேன்ட்ரிக்கு நேர் கீழே இல்லாமல், முன்னால் தள்ளியும் 200, 250 மி.மீ. கீழேயும் இருக்கிறது. பிட்டின் மேல் விழும் ஒவ்வொரு தள்ளலும் கேன்ட்ரியைத் துணி பிழிவதுபோல் திருகப் பார்க்கிறது.

மேலே சொன்ன 100 மி.மீ. குழாயின் ஒரு சுவரை நீளவாட்டில் ஒரே ஒரு கோடாக அறுத்துவிட்டால், எடையும் தோற்றமும் மாறாமலே அதன் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 180இல் ஒரு பங்காகிவிடுகிறது. பிட் 250 மி.மீ. கீழே இருக்கும்போது, மூடிய குழாயின் முறுக்கத்தால் நுனி நகர்வது 0.004 மி.மீ.; அறுத்த குழாயில் அதே கணக்கு 0.7 மி.மீ.ஐத் தாண்டுகிறது. சி சேனலும் ஆங்கிளும் இந்த அறுத்த குழாயின் இனத்தைச் சேர்ந்தவை. ஏற்கெனவே சேனல் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை வீணாக்க வேண்டியதில்லை: திறந்த வாயின் மேல் ஒரு தகட்டை வைத்துத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தோ நெருக்கமாகப் போல்ட் இட்டோ மூடிவிட்டால் அதுவும் குழாய்தான். வயர் கொண்டுபோவதற்காகக் குழாயில் பெரிய ஜன்னல்கள் வெட்டுகிறவர்களும் இந்த எண்களை மனத்தில் வைக்க வேண்டும்.

இரு முனைகளில் மட்டும் தாங்கிய உருண்டைக் கம்பி ரெயில்களைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒரு மீட்டர் நீளமுள்ள 20 மி.மீ. கம்பி 100 நியூட்டனுக்கு 1.3 மி.மீ. வளைகிறது, இரண்டு கம்பிகள் பகிர்ந்துகொண்டாலும் 0.66 மி.மீ. வளையும். அடியில் தொடர்ச்சியான தாங்கல் உள்ள உருண்டை ரெயில் மரத்துக்கு ஏற்கத்தக்கது. 15 அல்லது 20 மி.மீ. சதுர ரெயிலும் பந்து பிளாக்கும் சட்டகத்துக்குச் செலவிடும் உழைப்புக்கு ஏற்ற ஜோடி.

பக்கத் தகடுகளும் பிளாக்குகளின் இடைவெளியும் எப்படி இருக்க வேண்டும்?

கால் உள்ள கேன்ட்ரியில், 250 மி.மீ. உயரமும் 200 மி.மீ. அகலமும் உள்ள அலுமினியப் பக்கத் தகடு பக்கவாட்டில் 50 நியூட்டன் பெறும்போது, 12 மி.மீ. தடிமன் என்றால் 0.13 மி.மீ. சாயும், 20 மி.மீ. தடிமன் என்றால் 0.028 மி.மீ. தான். மேல்முனை கேன்ட்ரியோடு இறுகப் பிணைந்திருந்தால் இரண்டும் குறையும், விகிதம் மாறாது. அதாவது எட்டு மி.மீ. கூடுதல் தடிமனுக்கு நான்கரை மடங்கு பலன். உயரத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு. முடிந்தவரை உயரத்தைக் குறைத்துவிட்டு, பிறகு தடிமனைக் கூட்டுங்கள்.

ஒரே ரெயிலில் ஓடும் இரு பிளாக்குகளுக்கு இடையே உள்ள தூரம் குறைந்தால், பிளாக்கில் உள்ள நுண்ணிய தளர்வு பிட்டின் நுனியில் பெருகித் தெரியும். பிளாக்குகள் 100 மி.மீ. இடைவெளியிலும் பிட் அவற்றிலிருந்து 250 மி.மீ. தள்ளியும் இருந்தால் பெருக்கம் இரண்டரை மடங்கு. பிளாக்குகளை விலக்கினால் அந்தப் பக்கம் பயண தூரம் குறையும்தான். ரெயிலை 100 மி.மீ. நீளமாக வாங்கி அதை ஈடுசெய்வது சரியான செலவு. நகரும் கேன்ட்ரியைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, பிட்டின் நுனி முன் பிளாக்குக்கும் பின் பிளாக்குக்கும் நடுவே விழும்படி பக்கத் தகட்டைப் பின்னால் சாய்த்து வடிவமைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இசட் அச்சில் பிளாக்குகளை அசையாத தகட்டிலும் ரெயில்களை அசையும் தகட்டிலும் பதித்தால், ரெயிலே அந்தத் தகட்டுக்கு முதுகெலும்பாகிவிடும்.

பற்றவைப்பதா, போல்ட் போடுவதா?

நல்ல வெல்டர் கைவசம் இருந்தால் அடிச்சட்டகத்தைப் பற்றவைக்கலாம். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, பற்றவைத்த பக்கமாகக் குழாயை இழுக்கும். ஒரு மீட்டர் குழாயில் ஓரிரு மி.மீ. கோணல் வருவது இயல்பு. எல்லா மூலைகளிலும் முதலில் பொட்டு வைத்து, மூலைவிட்டங்கள் சமமா என்று டேப் பிடித்துப் பார்த்து, எதிரெதிர் மூலைகளில் சிறு சிறு தவணையாகப் பற்றவைத்தால் கோணல் குறையும். பற்றவைத்தபின் உள்ளே தங்கும் இறுக்கம் மாதக்கணக்கில் மெல்ல விடுபட்டுச் சட்டகத்தை நெளியச் செய்யக்கூடும். சுமார் 600 பாகை செல்சியஸில் சூடாக்கி மெதுவாக ஆறவிடும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் அதற்கான முறையான தீர்வு. கோவை, அம்பத்தூர், ஓசூர் போன்ற தொழில் வட்டாரங்களில் எடைக் கணக்கில் இதைச் செய்து தரும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் இருக்கின்றன. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்க வேண்டாம். அந்தப் புகை உடலுக்குக் கேடு.

கேன்ட்ரியையும் பக்கத் தகடுகளையும் எப்போதும் போல்ட்டாலேயே இணையுங்கள், பின்னால் மூலைமட்டம் திருத்த வேண்டியிருக்கும். 8.8 தர எம்8 போல்ட் ஒன்று 25 நியூட்டன் மீட்டரில் இறுகினால் ஒன்றரை டன்னுக்கு மேல் பிடிக்கிறது. அந்தப் பிடி உராய்வாக மாறுவதற்கு இரு பரப்புகளும் சுத்தமான உலோகமாகத் தொட வேண்டும். 3 மி.மீ. குழாய்ச் சுவரில் நேரடியாக மரை வெட்டி ரெயிலைப் பூட்டுவது போதாது. எம்5 மரைக்கு அங்கே நான்கு சுற்றுகூடக் கிடைக்காது. 10 அல்லது 12 மி.மீ. பட்டையைக் குழாயின் மேல் பற்றவைத்து, அதில் மரை வெட்டுங்கள்.

ரெயில் உட்காரும் பரப்பைச் சமமாக்குவது எப்படி?

வீட்டில் கட்டுகிறவர்கள் மலைத்து நிற்கும் இடம் இதுதான். ரெயில் தான் உட்காரும் பரப்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். நெளிந்த குழாயின் மேல் துல்லியமான ரெயிலை இறுக்கினால் நெளிந்த ரெயில்தான் கிடைக்கும்.

பணம் செலவழிக்க முடிந்தால், பட்டை பற்றவைத்த சட்டகத்தை ஜாப் ஒர்க் பட்டறைக்கு எடுத்துச் சென்று சீவிக்கொள்ளுங்கள். அங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டியது ஒன்றே: இரு ரெயில் பரப்புகளையும், ஒரு ரெயில் சாயும் பக்க விளிம்பையும், ஒரே செட்டிங்கில், கழற்றாமல் முடிக்க வேண்டும். கழற்றி மாட்டினால் இரண்டும் தனித்தனியே சமமாக இருந்தும் ஒன்றுக்கொன்று திருகிக்கொள்ளும். கிளாம்ப் போட்டு இழுத்துப் பிடித்த நிலையில் சீவினால், கிளாம்பை விட்டதும் பரப்பு மீண்டும் நெளியும் என்பதையும் இயக்குபவரிடம் சொல்லிவிடுங்கள். அடியில் தகடு கொடுத்து, தளர்வாக உட்காரவைத்தபின் இறுக்குவார்.

சீவ வழியில்லாதவர்களுக்கு, நீர்போல் ஓடும் எப்பாக்ஸியை ஊற்றித் தானாகவே மட்டமாக விடும் முறை இருக்கிறது. சட்டகத்தை அதன் கால்களில் ரசமட்டம் பார்த்து நிறுத்தி, இரு ரெயில் பாதைகளைச் சுற்றியும் நுரை டேப்பால் வரப்பு கட்டி, இரண்டுக்கும் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் விட வேண்டும். அந்த வாய்க்கால் இருந்தால்தான் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும். 8 முதல் 10 மி.மீ. ஆழம் தேவை. வரப்பின் ஓரத்தில் பரப்பு இழுவிசையால் எப்பாக்ஸி மேலேறி நிற்கும் என்பதால் ரெயிலைவிட இரு பக்கமும் 15 மி.மீ. அகலமாகக் கட்டுங்கள். நம் ஊர் வெப்பத்தில் எப்பாக்ஸி சீக்கிரம் சூடேறி இறுகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்கி, மாலைக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊற்றுவது நல்லது. எப்பாக்ஸி மென்மையானதாயிற்றே என்ற அச்சம் வேண்டாம்: அகலமான பரப்பில் மெல்லிய அடுக்காக அழுத்தம் வாங்குவதால் அதன் அமுக்கம் மைக்ரான் கணக்கில்கூடத் தேறாது.

ரெயில்களைப் பூட்டும்போது ஒன்றை விளிம்பில் சாய்த்து முழுதாக இறுக்கி, மற்றதைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை முனைக்கு முனை தள்ளிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குங்கள். எந்த இடத்தில் கைக்குக் கனக்கிறதோ அங்கே இணைத்தன்மை பிசகியிருக்கிறது.

குழாய்க்குள் மணல் நிரப்பலாமா?

அசையாத பாகத்தில் நிரப்பலாம். மணல் விறைப்பைக் கூட்டாது; மணிபோல ஒலிக்கும் குழாயின் அதிர்வை அடக்கும். நன்கு வெயிலில் காயவைத்த எம்-சாண்ட் போதும். ஈரம் இருந்தால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். சிமென்ட் கலவை ஆறும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகக்கூடும். எப்பாக்ஸியும் கருங்கல் துகளும் கலந்த கலவை அதைவிட மேல், செலவும் கூட. நகரும் கேன்ட்ரியில் எதையும் நிரப்பாதீர்கள்: விறைப்பு கூடாமல் எடை மட்டும் கூடினால் அதன் இயற்கை அதிர்வெண் குறைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் மோட்டார் அதை ஆட்டிவிடும்.

கால்கள் மூன்றா, நான்கா?

சிறிய இயந்திரத்துக்கு மூன்று தாங்குபுள்ளிகள் உத்தமம். தரை எப்படி இருந்தாலும் சட்டகம் திருகாது. பெரியதற்கு நான்கு அல்லது ஆறு கால்களும், ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்கும் திருகும் வேண்டும். திருகல் இருக்கிறதா என்று அறிய, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இறுகக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று அழுத்தாமல் லேசாகத் தொட்டால் சட்டகம் நேர். கட்டும் வரிசையை மாற்றி, மேல் நூலைக் கீழாக்கி இன்னொரு முறை பார்த்தால் ஐயம் தீரும்.

ஷீட் கூரைப் பட்டறையின் சூடு சட்டகத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஒரு மீட்டர் இரும்பு ஒரு பாகைக்கு 0.012 மி.மீ. நீள்கிறது, அலுமினியம் 0.023. காலைக்கும் பிற்பகலுக்கும் 10 பாகை வேறுபாடு என்றால், அலுமினியக் கேன்ட்ரியும் அதன்மேல் பூட்டிய இரும்பு ரெயிலும் 0.11 மி.மீ. வேறுபட்டு நீளப் பார்க்கும். ரெயில் ஒரு முகத்தில் மட்டும் இருப்பதால் கேன்ட்ரி வில்லாக வளையும். இரும்புக் கேன்ட்ரியில் இந்தத் தொல்லையே இல்லை. எந்தப் பொருளானாலும், நீங்கள் வழக்கமாக வேலைசெய்யும் நேரத்தின் வெப்பநிலையில் மூலைமட்டம் பாருங்கள். ஜன்னல் வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் விழும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தாதீர்கள்.

கட்டிவிட்டேன்; வெட்டும்போது அதிர்கிறது. எந்த இடம் பலவீனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

0.01 மி.மீ. நகர்வையும் காட்டும் டயல் கேஜும், பயணப் பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசும் போதும். கோலெட்டில் பிட்டுக்குப் பதிலாக 6 மி.மீ. மொட்டைத் தண்டைப் பூட்டி, மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து அவை பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில், கொக்கியை அந்தத் தண்டில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை கிடைமட்டமாக இழுங்கள். டயல் கேஜின் காந்த அடியை மேசையில் நிறுத்தி, அதன் முள்ளை முதலில் தண்டிலேயே வைத்துப் படியுங்கள். காந்தம் பிடிக்காத மேசை என்றால் ஓர் இரும்புத் தகட்டைக் கிளாம்ப் செய்துகொள்ளலாம்.

பிறகு இழுக்கும் இடத்தை மாற்றாமல், முள்ளை மட்டும் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிக் கொண்டுபோங்கள்: ஸ்பிண்டில் உடல், இசட் தகட்டின் கீழ்முனை, அதன் மேல்முனை, கேன்ட்ரியில் ஓடும் வண்டி, கேன்ட்ரியின் நடு, கேன்ட்ரியின் முனை, பக்கத் தகடு, ரெயில், அடிச்சட்டகம். உதாரணமாகத் தண்டில் 0.14, இசட் தகட்டின் கீழே 0.12, வண்டியில் 0.04 என்று வந்தால், 0.08 மி.மீ. வண்டிக்கும் இசட் தகட்டுக்கும் இடையிலேயே தொலைகிறது. கேன்ட்ரியை மாற்றுவதால் பயனில்லை. வாசிப்பு படிப்படியாக வராமல் ஓர் இணைப்பில் சட்டென்று குதித்தால் அந்த இணைப்பே குற்றவாளி.

இழுத்துவிட்டபின் முள் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பினால் அது வளைவு. தடிமனோ முட்டோ கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். 0.02, 0.03 என்று தங்கிவிட்டால் அது நழுவல். போல்ட்டோ பிளாக்கோ திருகின் தாங்கியோ தளர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறியாமல் இரும்பைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் அதிகம் காணப்படும் வீண்செலவு. எக்ஸ், ஒய் இரு திசைகளிலும், கேன்ட்ரியின் நடுவிலும் ஓரத்திலும், இசட் முழுதாக இறங்கிய நிலையிலும் இந்தச் சோதனையைச் செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்பதை அந்தத் தாள் சொல்லும்.

பெயின்ட் எப்போது அடிப்பது?

சீவல், துளை, மரை, ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பார்த்தல் எல்லாம் முடிந்த பிறகு. ரெயில் பரப்புகளையும் போல்ட் இணையும் முகங்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு ரெட் ஆக்ஸைடு பிரைமரும் எனாமலும் அடிக்கலாம். மறைத்த முகங்களில் பெயின்ட் ஏறிவிட்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பெயின்ட் அடுக்கு அழுந்த அழுந்த போல்ட்டின் இறுக்கம் தளரும். அந்த முகங்களுக்குத் துரு வராமல் எண்ணெய் தடவி, இறுதியாகப் பூட்டுவதற்கு முன் தின்னரால் துடைத்தால் போதும்.